பின்சந்தில் ஒரு தேன்பழ மரம்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலை நான் பதினோரு வருடம் திறந்ததே இல்லை. திறந்தால் பின்சந்து. யாங்கோனில் பழைய மாடிக் கட்டடங்களில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இரண்டு வரிசைக் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு ஆள் கை நீட்டிப் படுக்கும் அகலத்தில் ஒரு சந்து. ஆறு மாடிக்காரர்களும் தங்களுக்கு வேண்டாததை எல்லாம் பின்ஜன்னல் வழியாக அதில் போடுவார்கள். பழஞ்சோறு, மீன்குடல், குழந்தையின் அழுக்குத் துணி, கிழிந்த மெத்தை, செத்த பூனை. முன்பக்கம் பால்கனியில் புத்தருக்குப் பூ வைக்கிறவர்களும், வாசலில் மாவிலை கட்டுகிறவர்களும், வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுத் தொழப் போகிறவர்களும் பின்பக்கத்தில் ஒரே ஜாதிதான். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் தெருவில் எல்லா மதமும் உண்டு. பின்சந்துக்கு மதம் கிடையாது.

எனக்கு அருவருப்பு கொஞ்சம் கூடுதல். அதற்குத் தொழிலும் ஒரு காரணம். ஷ்வேப்யிதாவில் ஒரு துணித் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் தைத்து வந்த சட்டைகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நூல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, பொத்தான் கோணலா என்று பார்ப்பதே வேலை. பதினெட்டு வருடம் குற்றத்தை மட்டும் பார்த்துப் பழகிய கண், வீட்டுக்கு வந்தால் மட்டும் மூடிக்கொள்ளுமா? ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வெளிநாட்டுக்காரர்கள் துணி கேட்பதைக் குறைத்தார்கள். ஒருநாள் காலை தொழிற்சாலை வாசலில் பூட்டுத் தொங்கியது. முதலாளி விமானம் ஏறிவிட்டார் என்று காவலாளி சொன்னார். சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் குமட்டுகிறது.

அதற்குப் பிறகு பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திப் படையில் சேர்க்கிற பேச்சு வந்தது. முதலில் ஆண்பிள்ளைகள், அப்புறம் பெண்பிள்ளைகளையும் எடுப்பார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. எங்களுக்கு ஒரே மகள். இருபத்திமூன்று வயது. அவளைத் தாய்லாந்துக்கு அனுப்பினோம். அனுப்பினோம் என்று சொல்கிறேனே தவிர, அவளாகவே ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கிளம்பிய மாதத்திலிருந்து எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. சோற்றில் கை வைத்தால் அடிக்கும். வாசலில் யாராவது கதவைத் தட்டினால் காதுவரை கேட்கும்.

தெருமுனை மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அத்தோடு விடவில்லை. "காலையில மரம் செடி இருக்கிற இடமாப் பாத்து அரைமணி நேரம் உக்காருங்க. பச்சையைப் பாத்தா மனசு அடங்கும்" என்றார்.

சரி என்று பக்கத்து ஏரிக்கரைக்குப் போனேன். நான்கு நாள் போனேன். முதல் நாள் ஒரு தம்பதி ரொட்டியைப் பிய்த்து மீனுக்குப் போட்டார்கள். ரொட்டி தீர்ந்ததும் பையையும் தண்ணீரிலேயே போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். இரண்டாம் நாள் ஒரு பெண் கைபேசியைக் குச்சியில் நிறுத்தி, கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது, அழித்துவிட்டு மறுபடி இழுத்து விட்டாள். மூன்று தடவை அமைதியடைந்தாள். கரையோரத் தண்ணீர் பச்சைப் பாசியாகத் திரண்டு, காய்ச்சி ஆறிய கஞ்சியின் ஆடை மாதிரி கிடந்தது. நான்காம் நாள் நுழைவாசலில் துப்பாக்கி வைத்த வண்டி ஒன்று நின்றது. அதன் நிழலில் ஒருவர் உட்கார்ந்து மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். அப்படியே திரும்பிவிட்டேன். பச்சையைப் பார்க்கப் போய் நெஞ்சு இரண்டு பங்கு அடித்தது.

வெயில் காலம் வந்தது. மின்சாரம் ஒரு நாளில் நாலு மணி நேரம் இருந்தால் அதிசயம். வந்ததும் தெரு முழுக்க "மீ லாபீ!" என்று கத்துவார்கள், கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். சில நாள் கத்தி முடிப்பதற்குள்ளேயே மறுபடி நின்றுவிடும். விசிறி சுற்றாத சமையலறையில் வெந்து சாவதா, நாற்றத்தில் சாவதா என்று யோசித்து, ஒருநாள் ஜன்னலின் கொக்கியைக் கத்தியால் நெம்பித் திறந்தேன்.

கீழே ஒரு மரம் இருந்தது.

தேன்பழ மரம். குப்பை மேட்டின் நடுவில் முளைத்து இரண்டாம் மாடி உயரத்துக்கு வந்திருந்தது. கிளைகளைக் குடை மாதிரி படுக்கையாக விரித்திருந்தது. எங்கள் மூன்றாம் மாடியிலிருந்து அதன் உச்சந்தலையைத்தான் பார்க்க முடிந்தது. இலைகளின் மேல் பிளாஸ்டிக் பைகள், ஒரு கால்சட்டை, யாரோ வீசிய நூடுல்ஸ். இதற்கு நடுவே வெள்ளைப் பூ, சுண்டைக்காய் அளவில் சிவப்புப் பழம். குக்குறுவான் பறவை ஒன்று உள்ளே எங்கேயோ உட்கார்ந்து டொக், டொக் என்று விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. அழகு என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன். மலத்தையும் மீன்குடலையும் தின்று தளதளவென்று நின்ற மரத்தைப் பார்த்து எனக்கு வாந்திதான் வந்தது.

ஆனால் அந்த ஜன்னலில் கைபேசிக்கு அலை நன்றாகக் கிடைத்தது. மகளோடு பேச, ஸ்பீக்கரைப் போட்டுக் கையை வெளியே நீட்டி நிற்பேன். அப்படி ஒரு காலை, "அம்மா, இங்க வேலை மாத்தப் போறேன்" என்று அவள் சொன்ன நேரத்தில், வியர்வைக் கையிலிருந்து கைபேசி வழுக்கியது. மரத்தில் பட்டு, கிளை கிளையாக இறங்கி, குப்பைக்குள் போனது. அவள் குரல் கீழேயிருந்து "அம்மா? அம்மா?" என்று சன்னமாகக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

வேறு வழியில்லை. சந்தின் இரண்டு முனையிலும் இரும்புக் கதவு போட்டு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. உள்ளே போக ஒரே வழி, தரைத்தளத்து வீட்டின் பின்கதவு. அங்கே தனியாக இருந்தவர் அறுபது வயதுப் பர்மியப் பெண். நான் 'அமா' என்று கூப்பிடுவேன். பர்மியத்தில் அக்கா. படியில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி, அதுவரை அவர் வீட்டுக்குள் நான் போனதில்லை.

"அமா, போன் விழுந்திடுச்சு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தச் செருப்போடயா போகப் போற?" என்று கேட்டு, மழைக்குப் போடும் ரப்பர் பூட்ஸை எடுத்துக் கொடுத்தார். கையில் பிளாஸ்டிக் பைகளை மாட்டி மணிக்கட்டில் கட்டிவிட்டார். பின்கதவில் அடித்திருந்த தகரத்தை இரண்டு பேருமாக நெம்பினோம்.

உள்ளே கால் வைத்ததும் முழங்கால் வரை இறங்கினேன். இறங்கிய இடம் வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. குளிர்ந்திருந்தால் பொறுத்திருப்பேன். பூட்ஸுக்குள் ஏதோ ஒழுகியது. புழு நெளிந்த சோற்றுப் பையைத் தள்ளினால் அடியில் ரத்தம் காய்ந்த பஞ்சு. அதைத் தள்ளினால் எலிக்குஞ்சுகள், ரோமம் இல்லாமல், ரோஜா நிறத்தில். வாயை மூடிக்கொண்டு அழுதேன். வாயைத் திறந்து அழக்கூட அங்கே வழியில்லை.

கைபேசி மரத்தின் அடியில், ஒரு கிழிந்த தலையணையின் மேல், சாமி பீடத்தில் வைத்த மாதிரி கிடந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. எடுத்து மடியில் செருகிக்கொண்டு மரத்தைப் பிடித்து நின்றேன். மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தெருவின் ஜெனரேட்டர் சத்தம் அங்கே வரவில்லை. மேலே இலைகள் வெயிலைச் சல்லடை போட்டு அனுப்பின. பழம் ஒன்று தோளில் விழுந்தது. குக்குறுவான் தலைக்கு நேர் மேலே தட்டிக்கொண்டிருந்தது. என் நெஞ்சு அடிப்பது எனக்குக் கேட்கவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். ஒழுங்காக, மெதுவாக அடித்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை. இந்த இடத்திலா என்று என் மேலேயே எனக்கு அசிங்கமாக இருந்தது. ஏரிக்கரையில் வராதது இந்தக் கழிவுக் குழியில் வந்துவிட்டது என்றால் நான் என்ன பிறவி?

திரும்பும்போதுதான் அந்த முடிச்சைப் பார்த்தேன்.

என் கணவர் சந்தையில் மசாலாக் கடையில் வேலை பார்க்கிறார். முப்பது வருடமாகப் பொட்டலம் கட்டுகிறவர். சணல் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு காது விட்டு அவர் போடும் முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழும். வீட்டுக் குப்பைப் பையையும் அப்படித்தான் கட்டுவார். தினமும் காலை வேலைக்குப் போகும்போது அதைத் தெருமுனைத் தொட்டியில் போடுவது அவர் பொறுப்பு. கட்டடத்திலேயே எங்கள் வீடுதான் யோக்கியம் என்று நான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்திருக்கிறேன். நாலாம் மாடிக்காரியோடு இதற்காக இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறேன். அந்த முடிச்சு போட்ட பைகள் மரத்தின் அந்தப் பக்கம் வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. எங்கள் கழிவறை ஜன்னலுக்கு நேர் கீழே.

ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். சாயங்காலம் அவர் வந்து, குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பையை அவர் கால்மாட்டில் வைத்தேன்.

"இது என்னங்க?"

அவர் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?"

"சித்திரைத் தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடியிருந்து."

"நான் ஊரெல்லாம் பேசிட்டு வரேன். எத்தனை பேரை நாக்கைப் பிடுங்கற மாதிரி கேட்டிருக்கேன். தூ! திருநீறு வேற. எப்படி மனசு வந்துச்சு?"

அவர் உட்கார்ந்தார். நான் கத்திக்கொண்டே இருந்தேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முனையில நிக்கிறானுங்கல்ல, துப்பாக்கியோட. ஒருநாள் பையில என்னன்னு கேட்டானுங்க. குப்பைன்னேன். கொட்டிக் காட்டுன்னானுங்க. ரோட்டுல கொட்டினேன். கையால கிளறிக் காட்டுன்னானுங்க. கிளறினேன். அப்புறம் திரும்ப அள்ளச் சொன்னானுங்க. எல்லாத்தையும் அள்ளுன்னு... சோத்துப் பருக்கை வரைக்கும். சந்தைக்குப் போற ஜனம் முழுக்கப் பாத்துக்கிட்டுப் போச்சு. எங்க கடைப் பையனும் பாத்தான். ஒருத்தன் போன்ல படம் எடுத்தான்." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "அந்தக் கையோடதான் அன்னைக்கு மசாலாப் பொட்டலம் கட்டினேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது?"

இந்த இடத்தில் எனக்கு இரக்கம் பொங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இரக்கம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அருவருப்பும் போகவில்லை. அவர் மேல் கொஞ்சம், அந்தத் துப்பாக்கிக்காரர்கள் மேல் நிறைய, பார்த்துக்கொண்டே போன ஜனத்தின் மேல் அதைவிட நிறைய. அந்த ஜனத்தில் நானும் ஒருத்தி என்பதை மறக்கவில்லை. வேறு யாரையாவது அப்படிச் செய்திருந்தால் நானும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருப்பேன். பையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அவரிடம், "இனிமே குப்பையை நான் கொண்டு போறேன்" என்றேன்.

"வேண்டாம். பொம்பளையை என்ன செய்வானுங்களோ."

"அதையும் பாப்போம்."

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். இரண்டு நாள் வைத்திருந்த இறால் தோலோடு, பழைய ஜாடியில் அடியில் தங்கியிருந்த நாப்பியை எல்லாம் வழித்துப் பைக்குள் போட்டேன். நாப்பி என்பது இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் மீன் விழுது. நல்ல நாப்பியே தெருமுனை வரை மணக்கும். இது கெட்ட நாப்பி. பையைக் கட்டாமல் வாயைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

முனையில் இரண்டு பேர். என் மகள் வயதுதான் இருக்கும்.

"ஆன்ட்டி, பையில என்ன?"

"குப்பை."

"திற."

திறந்தேன். அவன் குனிந்தான். குனிந்த வேகத்திலேயே பின்னால் போனான். இன்னொருவன் கையால் மூக்கை மூடினான்.

"ரோட்டுல கொட்டிக் காட்டவா தம்பி?" என்று கேட்டேன். குரல் நடுங்கியது. தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

"போ, போ! சீக்கிரம் போ!"

போனேன். தொட்டியில் பையைப் போட்டேன். பிறகு தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். நாப்பி நாற்றத்துக்கா, பயத்துக்கா, அந்தப் பிள்ளை முகத்தில் இன்னும் பரு மறையாமல் இருந்ததற்கா, எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அவர்கள் என் பையைக் கேட்கவில்லை. தூரத்தில் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் நெஞ்சு பழையபடி அடித்தது. வெட்கத்தை விட்டு அமா வீட்டுக் கதவைத் தட்டினேன். "போன் மறுபடி விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. சும்மா. அந்த மரத்துக்கிட்ட கொஞ்சம் நிக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. மண்வெட்டி ஒன்றை எடுத்து வந்தார். நிற்பதென்றால் நிற்க இடம் வேண்டுமே. அடுத்த மூன்று வாரம் காலையில் இரண்டு மணி நேரம், மரத்தைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குக் குப்பையை அள்ளி மூட்டை கட்டினோம். முதலில் அள்ளியது என் வீட்டுப் பைகளை. குப்பை வண்டிக்காரரிடம் அமா கெஞ்சி, வாரத்துக்கு நாலு மூட்டையாக ஏற்றிவிட்டார். அடியில் கறுப்பாக ஈர மண் தெரிந்த நாளில் பெயின்ட் வாளி இரண்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். மேலேயிருந்து எட்டிப் பார்த்த ஒரு கிழவர், பைத்தியங்கள் என்றார். பிறகு எங்களுக்கு நாலு அடி தள்ளி ஒரு பையைப் போட்டார். அவ்வளவு மரியாதை.

நாற்றம் போகவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பூந்தோட்டம் ஆக்கிவிட்டோம் என்று கதை விடமாட்டேன். இரண்டு பக்கமும் மேடு அப்படியே இருந்தது. தலையில் ஒரு துணியும், மூக்கில் நீலகிரித் தைலமும் இல்லாமல் நான் உட்கார்ந்ததில்லை. தேன்பழத்தைக் கொண்டைக்குருவிகள் தின்னும். அமாவும் பறித்துக் கழுவித் தின்பார். என்னால் இன்றுவரை முடியவில்லை. அது எதைக் குடித்து இனித்தது என்று எனக்குத் தெரியுமே.

ஒருநாள் கேட்டேன். "அமா, உங்களுக்கு இந்த நாத்தம் தெரியவே இல்லையா?"

"மூக்கு இருக்குதே, தெரியாம என்ன?" என்றார். "என் வீடு தெருவைப் பாத்த தரைத்தளம். ராத்திரி ராணுவ லாரி வந்து நின்னா எனக்குத்தான் முதல்ல கேக்கும். எந்த வீட்டுக் கதவைத் தட்டப் போறானுங்கன்னு படுத்துக்கிட்டே எண்ணுவேன். இந்தப் பக்கம் பாரு. இங்க ஒருத்தனாவது வருவானா? குமட்டும்ல."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் புரிந்தது. ஏரிக்கரைக்கு எல்லாரும் வருவார்கள். ரொட்டிக்காரர்கள், படம் பிடிப்பவர்கள், மாங்காய் தின்பவர்கள். இந்த ஊரில் யாரும் வர விரும்பாத இடத்தில்தான் ஒரு மரம் யாருடைய அனுமதியும் கேட்காமல் வளர முடிந்திருக்கிறது. இதை அமைதி என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. ஆனாலும் வேறு சொல் கிடைக்கவில்லை. நாங்கள் பேசிக்கொள்வதுகூடக் குறைவு. வெயில் சுவரில் ஒரு செங்கல், இரண்டு செங்கல் என்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

மழைக் காலத்தில் சந்தில் கறுப்புத் தண்ணீர் ஏறியது. குப்பை மேடு முழுக்க மிதந்து, அமாவின் பின்கதவு வரை வந்து முட்டியது. பத்து நாள் யாரும் உள்ளே போகவில்லை. தண்ணீர் வடிந்தபோது மரம் எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தது, சாகவில்லை. நாங்கள் சுத்தம் செய்த பாய் அகல இடம் காணாமல் போயிருந்தது. அமா மண்வெட்டியை எடுத்தார். நான் சுவரில் சாய்ந்து, இந்த ஊரையும் இந்த மழையையும் இந்த ஜனத்தையும் எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் திட்டி முடித்துவிட்டு, மூட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் ஐந்தாம் மாடிக்குப் புதிதாக வந்த பெண், குழந்தையின் அழுக்குத் துணியைச் சுருட்டி நேராக என் முதுகில் போட்டாள். மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினாள். இடுப்பில் குழந்தை. வீட்டுக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம் என்று பிறகு தெரிந்தது.

"முனை வரைக்கும் போக எனக்குப் பயமா இருக்கு அக்கா," என்றாள், நான் வாயைத் திறப்பதற்குள்.

பேசலாம் என்று சேர்த்துக்கொண்டு போயிருந்ததை எல்லாம் விழுங்கினேன். "காலையில ஆறரைக்கு வாசல்ல வை. நான் எடுத்துக்கிறேன்" என்றேன். எனக்கு இஷ்டமே இல்லை. அவள் பையை உடம்பில் படாமல் கையை நீட்டித்தான் தூக்குகிறேன். பால்குடிக் குழந்தையின் கழிவு இவ்வளவு நாறும் என்று நான் ஒரு பிள்ளை வளர்த்தும் மறந்திருந்தேன். இப்போது எங்களுடையது, அமாவுடையது, அவளுடையது என்று மூன்று பைகள்.

என் கணவர் சந்துக்கு இறங்கி வந்ததில்லை. வரச் சொல்லி நானும் கேட்கவில்லை. கழிவறை ஜன்னலுக்கு மட்டும் அவராகவே கம்பிவலை அடித்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை நான் தனியாகத்தான் வாளி மேல் உட்கார்ந்திருந்தேன். அமாவுக்குக் காய்ச்சல். மழை விட்ட ஈரத்தில் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. மேட்டுக்குள்ளிருந்து ஒரு பெருச்சாளி வந்தது. வாயில் குட்டியைக் கவ்வியிருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு என் பூட்ஸின் மேல் ஏறி இறங்கி, அந்தப் பக்கம் காய்ந்த இடத்தில் குட்டியை வைத்துவிட்டு, திரும்ப அதே வழியில் அடுத்த குட்டிக்குப் போனது. நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் அதன் ஈர வயிறு பூட்ஸில் உரசிக்கொண்டு போனதில் எனக்கு உச்சி வரை புல்லரித்தது. காலை மட்டும் நகர்த்தவில்லை. ஐந்தாவது இருக்கிறதா என்று காத்திருந்தேன்.